ஏக்கருக்கு வரும் பணம்

1933ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பருத்திக்காடுகளில் கோவேறு கழுதைகள் முரண்டு பிடித்தன. சால் விட்டு விலகாமல் நடக்க வேண்டும், செடியை மிதிக்கக் கூடாது என்று குட்டியிலிருந்தே பழக்கப்பட்டவை அவை. இப்போது அவற்றைச் செடி வரிசையின் மேலேயே ஏரோடு ஓட்டினார்கள். காய் பிடித்து நின்ற பருத்தியை வேரோடு புரட்டிப் போடுவதுதான் வேலை. அப்படிப் புரட்டிப் போட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி மண்ணுக்குள் போனது.

கழுதைக்கு விளங்காத அந்தக் கணக்கு எளிமையானது. 1929இல் பவுண்டுக்கு 17 சென்ட் அளவில் விற்ற பருத்தி, 1932இல் 6 சென்ட்டுக்கு இறங்கியிருந்தது. விலை ஏற வேண்டுமானால் சந்தைக்கு வரும் சரக்கு குறைய வேண்டும். அதிபர் ரூஸ்வெல்ட் பதவியேற்ற இரண்டே மாதத்தில், 1933 மே 12 அன்று, வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் கையெழுத்தானது. வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ் அதை நடத்தினார். பருத்தியோடு நிற்கவில்லை, சுமார் 60 லட்சம் பன்றிகளும் வளர்வதற்கு முன்பே வெட்டப்பட்டன. நகரங்களில் மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஆத்திரம் கிளம்பியதில் வியப்பில்லை.

நெருக்கடிக் காலத்து ஏற்பாடு என்று சொல்லித் தொடங்கிய அந்தப் பண வரத்துக்கு 90 வயது தாண்டிவிட்டது. பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாதது ஒன்று உண்டு: பணம் ஏக்கரைப் பார்த்து வருகிறது. அந்த ஏக்கரில் குனிந்து நிமிர்பவர் யார் என்பது அதற்கு இரண்டாம்பட்சம். இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தால் போதாது. ஒரு கவுண்டிக்குப் போக வேண்டும்.

ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிறது பாயின்செட் கவுண்டி. கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு; நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம், மக்கள்தொகை மட்டும் மிகக் குறைவு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் விற்கும் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவும் இந்தக் கவுண்டியும் ஒரே மனிதரின் பெயரைச் சுமக்கின்றன. அந்தச் செடியை மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஜோயல் பாயின்செட்தான் அவர். கவுண்டியின் நடுவே குரோலி மேடு என்ற நீண்ட கரடு. அதன் இரு பக்கமும் மிசிசிப்பி ஆறும் அதன் கிளைகளும் காலங்காலமாக வண்டல் கொட்டிய தட்டை நிலம். நெல், சோயா, பருத்தி, மக்காச்சோளம். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி ஆர்கன்சாவில் விளைகிறது. மாநிலத்தின் முன்னணி நெல் கவுண்டிகளில் பாயின்செட் ஒன்று. நாற்றங்கால், நடவு எல்லாம் கிடையாது. பெரும்பாலும் இயந்திரத்தால் நேரடி விதைப்பு, குழாய்க்கிணற்றுப் பாசனம், அறுவடைக்கு ஒரு வீடு உயர இயந்திரம்.

இந்தக் கவுண்டியின் தென்கிழக்கில் டைரோன்சா என்று ஓர் ஊர். ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே துணி வெளுக்கும் கடையும் பெட்ரோல் நிலையமும் சேர்ந்திருந்த ஒரு பழைய கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கடை எச். எல். மிட்செல் என்பவருடையது, பெட்ரோல் நிலையம் கிளே ஈஸ்ட் என்பவருடையது. இருவரும் ஊரில் பெயர்போன சோஷலிஸ்ட்டுகள். ஒரு பருத்தி ஊரில் இவர்களுக்கு அருங்காட்சியகம் எழுந்ததற்குக் காரணம் அந்த 1933 மானியம்தான்.

அன்று இந்த வண்டல் நிலப்பகுதியில் நிலம் பண்ணையார்களிடம் இருந்தது; உழைப்பு வாரக்குடிகளுடையது. பண்ணையார் நிலமும் வீடும் விதையும் கொடுப்பார், கோவேறு கழுதையும் கொடுப்பார். வாரக்குடி குடும்பத்தோடு உழுது, களையெடுத்து, பஞ்சு எடுத்து, விளைச்சலில் பாதியைப் பெறுவார். வருடம் முழுவதும் பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவும் உப்பும் அந்தப் பாதியில் கழியும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வது அங்கே எழுத்துப் பிசகாமல் பொருந்தும். கறுப்பரும் இருந்தார்கள், வெள்ளையரும் இருந்தார்கள்; பஞ்சம் இரண்டு நிறத்துக்கும் ஒன்றாகவே இருந்தது.

நிலத்தைத் தரிசு போட அரசாங்கம் கொடுத்த பணம் இந்தக் கட்டமைப்புக்குள் வந்து விழுந்தது. ஒப்பந்தம் நில உடைமையாளரோடு போடப்பட்டது. தரிசு நிலத்துக்கான வாடகைத் தொகை ஏறக்குறைய முழுவதும் அவருக்கே. வாரக்குடிக்குச் சேர வேண்டிய சிறு பங்கும் பண்ணையார் கை வழியாகவே போனது. பழைய பாக்கிக்கு அவர் அதை எடுத்துக்கொண்டால் கேட்பாரில்லை. இன்னொரு விளைவை வாஷிங்டன் சரியாக யோசிக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிலம் தரிசானால், அதே விகிதத்தில் ஆட்களும் வேண்டாதவர்கள் ஆகிறார்கள். வாரக்குடியை அனுப்பிவிட்டுக் கூலியாள் வைத்தால் மானியத்தில் பங்கு கொடுக்கவும் வேண்டாம். வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினால் கூலியாளும் குறைவு.

குடும்பங்கள் சாமான்களோடு சாலையோரத்துக்கு வந்தன. 1934 ஜூலையில் டைரோன்சாவுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினார்கள்: 11 வெள்ளையர், 7 கறுப்பர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்ற கேள்வி எழுந்தது. ஒரே சங்கம் என்று முடிவாயிற்று. 1934இல், ஆர்கன்சாவில், அது சாதாரண முடிவு அல்ல. மிட்செலும் ஈஸ்டும் முன்னின்ற தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கம் பிறந்தது அப்படித்தான். அடியும் துப்பாக்கிச் சூடும் உடனே தொடர்ந்தன. சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸ் அடுத்த ஆண்டு பக்கத்துக் கவுண்டியில் பேச வந்தபோது மேடையிலிருந்தே இழுத்து இறக்கி ஊரைவிட்டு விரட்டினார்கள்.

வாஷிங்டனுக்குள்ளும் சண்டை நடந்தது. பருத்தி ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, இயன்றவரை குடிகளைக் குறைக்கக் கூடாது என்றது. எண்ணிக்கை குறையாமல் இருந்தால் போதுமா, அதே ஆட்களை வைத்திருக்க வேண்டுமா? வேளாண்மைச் சீரமைப்பு நிர்வாகத்தின் சட்டப் பிரிவு, அதே ஆட்கள்தான் என்று விளக்கம் எழுதியது. 1935 பிப்ரவரியில் சட்டப் பிரிவின் தலைவர் ஜெரோம் ஃபிராங்க்கும் அவரோடு சிலரும் வேலையை இழந்தார்கள். பண்ணையார்கள் பக்கம் நின்ற விளக்கமே நிலைத்தது. அரசியலில் ஒற்றைச் சொல்லுக்கு எத்தனை பசியுள்ள வயிறு கட்டுப்பட்டிருக்கும் என்பதற்கு அந்த ‘இயன்றவரை’ நல்ல சாட்சி.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளுபடி செய்தது. ஆலைகளிடம் வரி வாங்கி விவசாயிக்குக் கொடுத்தது செல்லாது என்பது தீர்ப்பு. சில வாரங்களிலேயே வேறு பெயரில் பணம் திரும்ப வந்தது: மண்ணைக் காக்கும் பயிர் போடுவதற்கு உதவித்தொகை. 1938இல் புதிய வேளாண் சட்டம். 1949இல் இன்னொன்று. இவை இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நிறைவேற்றும் ‘ஃபார்ம் பில்’ இந்தப் பழைய சட்டங்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். புதிய சட்டம் வராமல் போனால் பழையது விழித்துக்கொள்ளும். 2012 கடைசியில் பால் விலை இரட்டிப்பாகும் என்று அமெரிக்கா பயந்தது அதனால்தான்.

இனி இன்றைய கணக்கு. இது கொஞ்சம் விசித்திரமானது, பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பண்ணைக்கும் கவுண்டி அலுவலகத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணோடு ‘அடிப்படை ஏக்கர்’ என்று ஓர் அளவு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலத்தில் ஒரு காலத்தில் இத்தனை ஏக்கர் நெல், இத்தனை ஏக்கர் கோதுமை பயிரானது என்று பதிவான பழைய கணக்கு அது. நிலம் கைமாறினால் இதுவும் கூடவே கைமாறும். மானியம் இந்தப் பழைய ஏக்கருக்குத்தான். இந்த ஆண்டு என்ன விதைத்தார்கள் என்பதற்கு அல்ல. நெல் அடிப்படை உள்ள நிலத்தில் சோயா போட்டாலும் நெல்லுக்கான பணம் வரும்.

எவ்வளவு வரும்? ஒவ்வொரு பயிருக்கும் சட்டத்திலேயே ஒரு ‘குறிப்பு விலை’ எழுதப்பட்டிருக்கிறது. 2014 சட்டப்படி நீள நெல்லுக்கு அது 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, 14 டாலர். நாட்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறையும் தொகையை அரசு ஈடுகட்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒருவரிடம் 100 அடிப்படை ஏக்கர். பதிவேட்டில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 60 மூட்டை என்று கொள்வோம் (மூட்டைக்கு 100 பவுண்டு). சந்தை விலை 12 டாலர் என்றால் குறைவு 2 டாலர். 100 ஏக்கரில் 85 ஏக்கருக்குத்தான் பணம் என்பது விதி. ஆக 85 ஏக்கர், 60 மூட்டை, 2 டாலர்: பெருக்கினால் 10,200 டாலர்.

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரிச் சட்டம் நெல்லின் குறிப்பு விலையை 16.90 டாலராக உயர்த்தியது. சந்தை விலை அதே 12 டாலர் என்றால், அதே ஆளுக்கு, அதே நிலத்துக்கு, இப்போது 24,990 டாலர். நாடு முழுவதும் புதிதாக 3 கோடி ஏக்கர் வரை அடிப்படை ஏக்கராகச் சேரவும் அதே சட்டம் வழி செய்தது. வரிச் சலுகைகளைப் பற்றியே பேசப்பட்ட ஒரு சட்டத்தின் உள்ளே இவ்வளவு பெரிய வேளாண் திருத்தம் இருந்ததை நகரத்து அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள்.

பழைய ஏக்கருக்குப் பணம் என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டெக்சாஸின் எல் கம்போ ஊர் காட்டியது. 1996 முதல் 2014 வரை, விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுதோறும் நிலையான தொகை கொடுக்கும் வழக்கம் இருந்தது. எல் கம்போவைச் சுற்றியிருந்த பழைய நெல் வயல்களைப் பிளாட் போட்டு விற்றார்கள். பத்துப் பதினைந்து ஏக்கரில் வீடு, ஒரு குதிரை, சில மாடுகள். ஊரார் அதற்குக் கேலியாக ‘கவ்பாய் ஸ்டார்ட்டர் கிட்’ என்று பெயர் வைத்தார்கள். வீடு வாங்கியவருக்கு நெல் மானியமும் வந்தது. புல்தரை வெட்டும் இயந்திரம்தான் அவரிடமிருந்த ஒரே வேளாண் கருவி! 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதைத் தோண்டி எழுதியது: 2000ஆம் ஆண்டிலிருந்து விவசாயமே செய்யாதவர்களுக்குப் போன தொகை குறைந்தது 130 கோடி டாலர். அந்தக் காலத்து விதிகளில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அடிப்படை ஏக்கரில் ஒன்றும் பயிரிடாமல் சும்மா போட்டால் பணம் வரும். தக்காளி நட்டால் நின்றுபோகும். காய்கறி விவசாயிகள் போட்டிக்குப் பயந்து கேட்டு வாங்கிய விதி அது.

2014இல் அந்த நிலையான தொகையை எடுத்துவிட்டார்கள். அடிப்படை ஏக்கரை எடுக்கவில்லை.

ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. 1,25,000 டாலராக இருந்தது, 2025 சட்டத்தில் 1,55,000 ஆயிற்று. ‘ஆளுக்கு’ என்ற சொல்லில்தான் வித்தையெல்லாம். கணவர் விவசாயி என்றால் மனைவிக்கும் ஒரு வரம்பு. பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் பண்ணை என்றால் ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒன்று. பங்குதாரர் உண்மையில் விவசாயத்தில் ஈடுபட வேண்டும் என்று 1987இலேயே சட்டம் வந்தது. ஆனால் கையால் உழைக்க வேண்டியதில்லை, நிர்வாகம் செய்தால் போதும். நிர்வாகம் என்றால் என்ன? வருடத்துக்குச் சில கூட்டங்களில் உட்கார்ந்து தலையாட்டுவதும் அதில் சேருமா? நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பிவந்திருக்கிறது. 2018 சட்டம் அதற்குச் சொன்ன பதில், குடும்பம் என்பதில் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டதுதான். நம் ஊர் நில உச்சவரம்புச் சட்டத்தின் பினாமிக் கதைகள் தெரிந்த வாசகருக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் வராது. வித்தியாசம், அங்கே எல்லாம் சட்டப்படி.

விளைவு கணக்கில் தெரிகிறது. என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு, யாருக்கு எவ்வளவு போனது என்ற அரசுப் பதிவுகளைப் பெற்று ஊர்வாரியாக வெளியிட்டுவருகிறது. 1995 முதலான பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கு மேல் பெரிய பெறுநர்களான 10 சதவீதம் பேரிடம் போயிருக்கிறது என்பது அதன் கணக்கு. பட்டியல் முதலில் வந்தபோது கிராமங்களில் சலசலப்பு. பக்கத்து வயல்காரருக்கு எவ்வளவு என்று காபிக்கடையிலேயே பார்த்துவிட முடிந்தது.

பண்ணைகளுக்கும் ஒரு பக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. உரம், டீசல், விதை, இயந்திரம், எல்லாமே வங்கிக் கடனில். வசந்தத்தில் வாங்கிய கடனை இலையுதிர் காலத்து அறுவடையில் அடைக்க வேண்டும். 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் நெல், சோயா, பருத்தி விலை வீழ்ந்து, செலவுக்கும் வரவுக்கும் கட்டவில்லை. 2025 செப்டம்பரில் பாயின்செட்டுக்கு வடக்கே உள்ள கிரெய்க்ஹெட் கவுண்டியின் பிரூக்லாந்து என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் திரண்டு, உடனடி உதவி வராவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதைக்க முடியாது என்று அரசியல்வாதிகளின் பிரதிநிதிகளிடம் முறையிட்டார்கள். வந்து சேரும் மானியம் விவசாயியின் சட்டைப்பையில் தங்குவதும் இல்லை. வங்கிக்குப் போகிறது, உரக்கடைக்குப் போகிறது. ஒரு பகுதி குத்தகைக்குள் கரைகிறது. மானியம் கூடும்போது குத்தகையும் கூடும் என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு மாநிலத்தில் வசிப்பவருக்கும் இப்படி ஒரு வாய்க்கால் ஓடுகிறது.

இது போதாதென்று வணிகப் போர். 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது. டிரம்ப் அரசு ஈட்டுத்தொகை அறிவித்தது: சோயாவுக்குப் புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு 1 சென்ட். ஆம், ஒரே ஒரு சென்ட். மக்காச்சோள விவசாயிகள் கொதித்துப்போனார்கள். 2019இல் அதை விட்டுவிட்டு, கவுண்டிக்கு ஒரு தொகை என்று புது முறை கொண்டுவந்தார்கள். ஏக்கருக்கு 15 டாலரில் இருந்து 150 டாலர் வரை. கவுண்டியில் எந்தப் பயிர் எவ்வளவு என்பதை வைத்து அந்தத் தொகை. ஒரே மண், ஒரே பயிர். நடுவில் ஓடும் சாலை கவுண்டி எல்லையாக இருந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஏக்கருக்கு ஒரு விலை, அந்தப் பக்கத்து ஏக்கருக்கு வேறு விலை. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துச் சுமார் 2,300 கோடி டாலர் போனது. அடுத்த ஆண்டு கொரோனா நிவாரணமும் சேர்ந்துகொள்ள, 2020இல் அமெரிக்கப் பண்ணைகளின் நிகர வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசுப் பணமாகவே இருந்தது.

இந்தப் பணமெல்லாம் கவுண்டி அலுவலகத்தின் வழியாகத்தான் வருகிறது. பண்ணைச் சேவை நிறுவனம் என்ற அமைப்புக்கு நாடெங்கும் 2,000க்கும் மேற்பட்ட கிளைகள். கோடைப் பயிர்க்காரர்கள் ஜூலை 15க்குள் அங்கே போய், வான்படத்தில் தங்கள் வயலைக் காட்டி, எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு மேலே உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு ஒன்று உண்டு. மூன்றாண்டுப் பதவி. ஊர்க்காரர்களே ஊர்ப் பணத்தை மேற்பார்க்கிறார்கள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! தென் மாநிலங்களில் அந்தப் பூசாரி பல பத்தாண்டுகள் வெள்ளையராகவே இருந்தார். கறுப்பின விவசாயியின் கடன் மனு அலுவலகத்தில் தூங்கும். விதைப்புக் காலம் முடிந்த பிறகு கடன் வரும், அல்லது வராது.

வட கரோலினாவின் திமோத்தி பிக்ஃபோர்டு என்ற விவசாயியின் பெயரில் நடந்த வழக்கில் 1999இல் அரசு இறங்கிவந்தது. பாகுபாட்டுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்குத் தலைக்கு 50,000 டாலர். காலக்கெடுவைத் தவறவிட்டவர்களுக்காக 2010இல் 125 கோடி டாலருக்கு இன்னோர் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. 1920இல் சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 2017 வேளாண் கணக்கெடுப்பில் 50 ஆயிரத்துக்கும் குறைவு. வாரக்குடியாக வெளியேறியவர்களின் பேரன்கள் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் அடிப்படை ஏக்கர் எதுவும் இல்லை.

கவுண்டியின் கணக்கு கடல் தாண்டியும் எட்டுகிறது. 2003 ஜூலையில் மாலி, புர்கினா ஃபாசோ நாடுகளின் அதிபர்கள் இருவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். அமெரிக்கப் பருத்தி மானியம் தங்கள் நாட்டு விவசாயியின் கழுத்தை நெரிக்கிறது என்பதே அதன் சாரம். எழுதிக் கேட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்ட பிரேசிலுக்குக் கிடைத்தது. உலக வர்த்தக அமைப்பில் பிரேசில் வென்றது. மானியத்தை உடனே வெட்ட மனமில்லாத அமெரிக்கா, 2010 முதல் ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் வீதம் பிரேசில் பருத்தி விவசாயிகளின் நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014இல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சொந்த விவசாயிக்கு மானியம் கொடுப்பதற்காக அயல்நாட்டு விவசாயிக்கும் மானியம்! உலக வணிக வரலாற்றில் இதைப் போன்ற கூத்து அதிகம் இல்லை.

2025இல் மறுபடியும் வணிகப் போர், மறுபடியும் சீனா சோயா வாங்குவதைப் பல மாதங்கள் நிறுத்தியது. டிசம்பர் 8 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப் 1,200 கோடி டாலர் உதவி அறிவித்தார். ‘பாலம்’ என்று அதற்குப் பெயர். பெயருக்குப் பொருள் இருக்கிறது: உயர்த்தப்பட்ட குறிப்பு விலைப்படி 2025 விளைச்சலுக்கு வர வேண்டிய பணம் 2026 அக்டோபரில்தான் வரும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் இது. இந்த முறை பழைய ஏக்கரைப் பார்க்கவில்லை, 2025இல் விதைத்த ஏக்கருக்கே கணக்கு. நெல்லுக்கு ஏக்கருக்கு 132.89 டாலர், பருத்திக்கு 117.35, சோயாவுக்கு 30.88. நெல்லுக்குத்தான் உயர்ந்த தொகை என்பதால் பாயின்செட் போன்ற கவுண்டிகளுக்கு இது பெரிய பணம். விதைத்தவருக்குப் பணம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஆயிரம் ஏக்கர் விதைத்தவருக்கு நூறு ஏக்கர்க்காரரைப் போலப் பத்து மடங்கு, உச்சவரம்பு தட்டும்வரை.

அந்த டிசம்பர் கூட்டத்தில் நம் பெயரும் அடிபட்டது. லூசியானாவிலிருந்து வந்திருந்த அரிசி ஆலைத் தொழில்முனைவர் ஒருவர், இந்தியா போன்ற நாடுகள் மானிய அரிசியை அமெரிக்காவில் கொண்டுவந்து கொட்டுகின்றன என்று அதிபரிடம் புகார் சொன்னார். பார்த்துக்கொள்கிறோம், வரி போட்டால் தீர்ந்துவிடும் என்ற தோரணையில் டிரம்ப் பதில் சொன்னார். இந்தியாவின் நெல் ஆதரவு விலை வரம்பை மீறுகிறது என்று 2018லேயே உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா எழுதிக் கொடுத்திருக்கிறது, புகார் புதிதல்ல. மேசையின் ஒரு பக்கத்தில் 1,200 கோடி டாலர் மானியம் அறிவிக்கப்பட்ட அதே அமர்வில் மறுபக்கத்திலிருந்து மானியத்தைப் பற்றிய புகார் வந்ததுதான் கவனிக்கத்தக்கது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போவது பெரும்பாலும் பாசுமதி. பாயின்செட்டின் வயல்களில் விளைவது அந்த அரிசி அல்ல.